நடப்பு வட்டி முதல் ஆத்தங்குடி கல் வரை: ‘அரசு–தனியார் உரையாடல்’ என்றால் என்ன?

செட்டிநாட்டுப் பக்கத்துத் தொழில் செய்திகளில் மூன்று சொற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வருகின்றன: தனியார்துறை வளர்ச்சி, புத்தாக்கம், அரசு–தனியார் உரையாடல். காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனது. மினி டைடல் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா வரும் என்று அறிவிப்பு வந்தது. ஒவ்வொன்றையும் ஒட்டி ஒரு கலந்துரையாடல், ஒரு மேடை, நாலைந்து பொன்னாடை, மறுநாள் பேப்பரில் ஒரு படம். படத்தைப் பார்க்கிறவருக்கு நியாயமாகவே சந்தேகம் வருகிறது: அரசு நிலத்தைத் தனியாருக்குக் கொடுக்கப் போகிறார்களா? வழக்கமான குறைதீர் கூட்டத்துக்கு வைத்த புதுப் பெயரா? இதில் ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் சிமென்ட் பூக்கல் போடுகிறவருக்கு என்ன இருக்கிறது?

அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

முதலில் சொற்கள்

1. தனியார்துறை. இந்தச் சொல்லைக் கேட்டதும் பெரிய கம்பெனிகளின் பெயர்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அரசு சம்பளமோ அரசு முதலீடோ இல்லாமல் தொழில் செய்கிற எல்லாருமே தனியார்துறைதான். ஆறு பேரை வைத்துக் கல் பட்டறை நடத்துகிறவர், வீட்டு அடுப்பில் தேன்குழலும் மனகோலமும் சுட்டு விற்கிற ஆச்சி, கண்டாங்கிச் சேலை நெய்கிறவர், பழைய வீட்டை விடுதியாக்கியவர் எல்லாரும் இதில் அடக்கம். செட்டிநாட்டில் தனியார்துறை என்றால் பெரும்பாலும் இவர்கள்தான்.

2. அரசு–தனியார் கூட்டு. பி.பி.பி. என்று செய்திகளில் வருவது இது. இது ஓர் ஒப்பந்தம். யார் பணம் போடுவது, எத்தனை ஆண்டு நடத்துவது, யார் கட்டணம் வாங்குவது என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். நம் மாநிலத்தில் தெரிந்த உதாரணம் திருப்பூர் தண்ணீர்த் திட்டம். அதற்கென்றே 1995இல் ஒரு தனி நிறுவனம் அமைத்து, காவிரித் தண்ணீரைச் சாய ஆலைகளுக்கும் ஊருக்கும் கொண்டுவந்தார்கள்.

3. அரசு–தனியார் உரையாடல். இதில் ஒப்பந்தம் கிடையாது, சொத்து கைமாறுவதும் கிடையாது. தொழில் செய்கிறவர்களும் விதி போடுகிறவர்களும் குறிப்பிட்ட இடைவெளியில் உட்கார்ந்து, எந்த விதி எங்கே இடிக்கிறது, அதை யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்வது என்று பேசி எழுதிவைக்கும் ஏற்பாடு. திருப்பூரில் ஏற்றுமதியாளர் சங்கம் வரி, கடன், சாயக்கழிவு பற்றியெல்லாம் அரசோடு வருடக்கணக்கில் பேசிவருவது இந்த வகை. மேலே சொன்ன தண்ணீர்த் திட்டம் வேறு வகை. ஒரே ஊரில் இரண்டும் நடந்ததால் வேறுபாட்டைப் புரிந்துகொள்ளத் திருப்பூர் வசதியான இடம்.

4. புத்தாக்கம். செயலி, ரோபோ என்று கற்பனையை ஓடவிட வேண்டாம். இருக்கிற பொருளை, இருக்கிற ஆட்களைக் கொண்டு, முன்பைவிடக் குறைந்த சேதாரத்தில் செய்வதும் புத்தாக்கம்தான்.

குறைதீர் கூட்டத்திலிருந்து இது எப்படி வேறுபடுகிறது? குறைதீர் கூட்டத்தில் மனு தனியாளுடையது; தீர்வும் தனியாளுக்குத்தான். உரையாடலில் பிரச்சினை ஒரு தொழிலுக்குப் பொதுவானது. தீர்வு அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் பொருந்த வேண்டும். அப்புறம், போன கூட்டத்தில் முடிவானது நடந்ததா என்ற கேள்வியோடு அடுத்த கூட்டம் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்காத கூட்டம், என் கணக்கில், வெறும் டீ செலவு.

வெளிநாட்டில் இது புதிதல்ல. தென் கொரியாவில் 1960களின் நடுவிலிருந்து அதிபரே தலைமை தாங்கி மாதந்தோறும் ஏற்றுமதிக் கூட்டம் நடத்தினார். அமைச்சர்களும் தொழிலதிபர்களும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். கம்போடியா 1999இல் இதற்கென ஒரு மன்றமே அமைத்து, துறைவாரியாகக் குழுக்களைப் பிரித்தது. ஆனால் செட்டிநாட்டுக்காரருக்குக் கொரியா உதாரணம் தேவையில்லை. அவர்கள் வரலாற்றிலேயே இதற்கு நல்ல பாடமும் இருக்கிறது, கெட்ட பாடமும் இருக்கிறது.

பணம் இங்கே, ஆலை வேறெங்கோ

செட்டிநாடு வானம் பார்த்த பூமி. வற்றாத ஆறு கிடையாது, ஊருணியும் கண்மாயும்தான். நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கடல் கடந்து போனதற்கு இதுவும் ஒரு காரணம். இலங்கை, பர்மா, மலேயா, சைகோன் என்று பரவிய லேவாதேவித் தொழிலின் வருமானம் தேக்குத் தூண்களாகவும் இத்தாலியப் பளிங்காகவும் ஊருக்கு வந்தது. தொழிற்சாலையாக வந்தது குறைவு.

அந்தக் காலத்து வீச்சைக் காட்ட ஒரு தேதி போதும். 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஒரே நாளில் மூன்று ஊர்களில் திறக்கப்பட்டது: சென்னை, ரங்கூன், காரைக்குடி. அன்றைய வணிக வரைபடத்தில் காரைக்குடி எங்கே இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஐந்தே வருடத்தில் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தது. அப்புறம் பர்மா சுதந்திரம் அடைந்து, 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. தப்பிய முதலும் செட்டிநாட்டுக்குத் திரும்பவில்லை. பள்ளத்தூர் முருகப்பா குடும்பத்தின் சைக்கிள் ஆலை 1949இல் அம்பத்தூரில் எழுந்தது. தண்ணீர், துறைமுகம், ரயில், சந்தை என்று எல்லாமே சென்னைப் பக்கம் இருந்தபோது அது கணக்குத் தெரிந்த முடிவுதான். ஊருக்குக் கிடைத்தது பள்ளி, கல்லூரி, கோயில் திருப்பணி. ஊரில் மிஞ்சிய தொழில் கைத்தொழில்.

கோயிலில் கூடி முடிவுசெய்த வட்டி

வெளிநாட்டுக் கிட்டங்கி என்றால் ஒரு நீண்ட கூடம். பல கடைக்காரர்கள் ஆளுக்கொரு பெட்டி, ஒரு சாய்மேசை, கணக்குப் புத்தகம் என்று வரிசையாகத் தரையில் உட்கார்ந்து தொழில் செய்வார்கள். போட்டியாளர் பக்கத்துப் பெட்டியில் இருப்பார். ஒருவருக்கு அவசரமாகப் பணம் வேண்டுமென்றால் இன்னொருவர் கொடுப்பார். அந்தக் கொடுக்கல் வாங்கலுக்குச் சமூகமே நிர்ணயித்த வட்டிதான் ‘நடப்பு வட்டி’. ரங்கூனில் முகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி, சந்தையில் பணம் தாராளமா இறுக்கமா என்று பார்த்து விகிதத்தை முடிவுசெய்வார்கள். எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

இன்றைக்கு நல்ல உரையாடல் மன்றத்துக்கு நிபுணர்கள் சொல்லும் இலக்கணம் எல்லாமே அதில் இருந்தது: தவறாத தேதி, பொதுவான இடம், தெளிவான ஒரு முடிவு, மீறினால் மரியாதை போகும் என்ற கட்டுப்பாடு.

ஒன்றுதான் இல்லை. கடைசியில் கடனை அடைக்க வேண்டிய பர்மிய விவசாயி அந்தக் கோயில் மண்டபத்தில் இல்லை. உலகப் பெருமந்தத்தில் அரிசி விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, ஈடாக நிலம் வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். நிலம் கேட்டு அவர்கள் போகவில்லை, பணம்தான் வேண்டியிருந்தது. ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு அந்த வேறுபாடு தெரியப்போவதில்லை. பின்னால் வந்த கோபத்துக்கும் தேசியமயத்துக்கும் இதுவும் ஒரு வேர்.

ஆக, மேசையில் இல்லாதவரின் பிரச்சினை காணாமல் போய்விடுவதில்லை. வேறு ரூபத்தில் திரும்பி வருகிறது.

1948: 300 ஏக்கருக்கு ஈடாக ஓர் ஆய்வகம்

சுதந்திரத்துக்குப் பிறகு மத்திய அரசு தேசிய ஆய்வகங்களை அமைக்க இடம் தேடிக்கொண்டிருந்தது. பெரிய நகரங்கள் போட்டி போட்ட அந்த நேரத்தில், அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருவதாகச் சொன்னார். 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. ஊரார் வாயில் அது ‘சிக்ரி’.

கொடை என்ற கோணத்தில் இது ஆயிரம் முறை பேசப்பட்டுவிட்டது. கொள்கை என்ற கோணத்தில் பார்த்தால், ஒரு தனியார் முதலாளி அரசின் தேவை என்ன என்று சரியாகக் கணித்து, தன் வட்டாரத்துக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி, பேரத்தை முடித்திருக்கிறார்.

ஆனால் அந்தப் பேச்சு ஒரே தடவை நடந்தது. அதைத் தொடர ஒரு மன்றம் உருவாகவில்லை. அரிப்புத் தடுப்பு, முலாம் பூசுதல், பேட்டரி என்று சிக்ரிக்கு நாடறிந்த பெயர் உண்டு. அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் சிமென்ட், சாயம், உப்புப் பூத்தல் என்று வேதியியலோடு தினமும் மல்லுக்கட்டுகிற கல் பட்டறைகளும் உண்டு. இரண்டுக்கும் நடுவே வழக்கமான பாதை கிடையாது. தேசிய ஆய்வகத்தின் வேலை தேசியப் பிரச்சினை என்று சொல்லலாம். சரி. பட்டறைக்காரரின் கேள்வியை ஆய்வகத்துக்குப் புரிகிற மொழியில் எழுதிக்கொண்டு போக யாரும் இல்லை என்பதும் உண்மை.

ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம்

ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. அதன் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருகிறது. சதுரக் கண்ணாடித் துண்டைத் துடைத்துத் தரையில் வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. சிமென்டில் கரைத்த நிறங்களைச் சிறு கரண்டியால் அச்சின் அறைகளுக்குள் ஊற்றுவார்கள். பழகிய கைக்கு ஒரு சொட்டு தாண்டாது. அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டபடி நிற்கும். மேலே உலர்ந்த மணலும் சிமென்டும் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, பிறகு குழைத்த கலவையைக் கொட்டி மட்டம் தட்டுவார்கள். காய்ந்தபின் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறும். கண்ணாடி கழன்று வரும்போதுதான் பூ தெரியும்.

இந்தத் தொழிலில் இருக்கிறவரைக் கூட்டத்துக்கு அழைத்து ‘உங்கள் கோரிக்கை என்ன?’ என்று கேட்டால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டுவார். மணல் விலை, தாமதமாகும் பாக்கி, மழைக்காலத்தில் காயாத கல், லாரியில் உடையும் கல், வேறு மாநில ஆலைகள் செராமிக்கில் இதே பூவை அச்சடித்து விற்பது. அதிகாரி எல்லாவற்றையும் ‘ஆவன செய்யப்படும்’ என்று குறித்துக்கொள்வார். அங்கேதான் உரையாடல் செத்துப்போகிறது. ஏனென்றால் இவை ஒரே வகைப் பிரச்சினைகள் இல்லை. பிரித்துப் பார்ப்போம்.

1. சட்டம் இருக்கிறது, ஆளுக்குத் தெரியாது. தாமதப் பாக்கி இந்த வகை. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு அல்லது சிறு தொழிலிடம் பொருள் வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பெங்களூரில் இருந்து ஆர்டர் கொடுத்துவிட்டு ஆறு மாதம் இழுக்கிறவருக்கும் இது பொருந்தும். ஆனால் உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு இருந்தால்தான் இந்தச் சட்டத்தைக் காட்ட முடியும். பதிவு இலவசம். இதற்குச் சென்னையிலிருந்து யாரும் வர வேண்டாம். மாவட்டத் தொழில் மையத்திலிருந்து ஒருவர் ஒரு மத்தியானம் பட்டறைகளுக்கு வந்தால் போதும்.

2. விதி பெரிய ஆளுக்காக எழுதப்பட்டது. தமிழ்நாட்டில் ஆற்று மணல் குவாரியை 2003 முதல் அரசே நடத்துகிறது. கொள்ளையைத் தடுக்க வந்த ஏற்பாடு, தேவையானதும்கூட. ஆனால் லாரிக் கணக்கில் வாங்கும் கட்டுமானக்காரரை மனத்தில் வைத்து எழுதிய நடைமுறைக்குள், குறிப்பிட்ட மணல் கொஞ்சமாக, தொடர்ந்து வேண்டுகிற பட்டறை எங்கே பொருந்தும்? இதை மாவட்ட ஆட்சியர் தீர்க்க முடியாது. கோட்டைக்குப் போக வேண்டும், அதுவும் ஒரு பட்டறையின் மனுவாக இல்லாமல் தொழிலின் மொத்தத் தேவைக் கணக்கோடு.

3. ஆய்வுக்குரியது. சில கற்களில் சில மாதம் கழித்து வெள்ளையாக உப்புப் பூக்கிறது. தண்ணீரா, மணலா, சிமென்டா, பதிக்கும் கொத்தனாரின் கலவையா? இதற்கு மானியம் மருந்தல்ல, சோதனை மருந்து.

4. சட்டத்தால் தடுக்கவே முடியாதது. பழைய பூ வடிவத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. 2000ஆம் ஆண்டு டிசைன் சட்டம் புதிய வடிவத்தை மட்டும்தான் பதிவுசெய்யும். பெயருக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் அதற்குரிய கருவி புவிசார் குறியீடு.

அந்தக் கருவியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் குறியீடு கிடைத்தது. ஓலையில் பின்னும் செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் உண்டு. செய்தி வந்த நாளில் எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஆனால் குறியீடு பதிவானவுடன் ஒவ்வொரு நெசவாளருக்கும் அது தானாக வந்து சேர்வதில்லை. அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் என்று தனித்தனியாகப் பதிய வேண்டும். பதிவுக்கு 10 ஆண்டுதான் ஆயுள், புதுப்பிக்க வேண்டும். போலியைப் பிடித்து வழக்குப் போடுவதும் பதிந்தவர்களின் வேலையே. குறியீட்டை வைத்து என்ன செய்வது என்று பேசுகிற மன்றம் இல்லையென்றால் அது சுவரில் மாட்டிய சான்றிதழ்தான்.

உரையாடலிலிருந்து புத்தாக்கம் எப்படி வரும்?

சிவகாசியைப் பார்க்கலாம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. பேரியம் கலந்த பட்டாசுகளுக்கு வழி அடைபட்டது. சிக்ரி எந்த அமைப்பின் கீழ் வருகிறதோ அதே சி.எஸ்.ஐ.ஆரின் (மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம்) இன்னோர் ஆய்வகமான நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வகம்), உற்பத்தியாளர்களோடு உட்கார்ந்து பசுமைப் பட்டாசுக் கலவைகளை உருவாக்கியது. சிவகாசியிலேயே சோதனைக்கூடம் அமைந்தது. எல்லாம் சுமுகமாக முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வழக்குகள் தொடர்ந்தன, சரவெடிக்குத் தடை நின்றது. ஆனால் ‘எங்களை விட்டுவிடுங்கள்’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த தொழில், ‘இந்த அளவுக்குள் புகையைக் கொண்டுவர என்ன கலக்க வேண்டும்?’ என்று கேட்கத் தொடங்கியது பெரிய மாற்றம்.

நெருக்கடி வந்தால்தான் இது நடக்கும் என்றில்லை. கல் பட்டறைகளுக்குத் தேவைப்படும் புத்தாக்கங்களை எண்ணிப் பாருங்கள்: மழை நாளிலும் காய வைக்கப் பொதுக் கொட்டகை, உடையாமல் அனுப்பத் தக்க பெட்டி, ஒரே நிறம் எல்லா ஆர்டரிலும் ஒரே மாதிரி வர அளவுக் குறிப்பு, பதிக்கத் தெரிந்த கொத்தனாருக்குப் பயிற்சி. எதுவும் ராக்கெட் வித்தை அல்ல. தனியொரு பட்டறைக்குத்தான் கட்டுப்படியாகாது. மத்திய அரசின் குழும வளர்ச்சித் திட்டத்தில் பொது வசதி மையத்துக்கு மானியம் இருக்கிறது. ஆனால் பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரு நிறுவனம் பதிந்து, தங்கள் பங்குத்தொகையும் போட வேண்டும். அடுத்த பட்டறைக்காரரை நம்பிப் பணம் போடுவதற்கு, அவரோடு முன்பே நாலு தடவை ஒரே மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். கிட்டங்கியில் இருந்தது இந்த நம்பிக்கைதான்.

ஒரு வட்டாரம், இரண்டு மாவட்டம்

‘வட்டாரத் தனியார்துறை’ என்று சொல்லும்போது செட்டிநாட்டுக்கு ஒரு விசேஷச் சிக்கல். செட்டிநாடு என்று ஒரு நிர்வாக எல்லையே கிடையாது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி சிவகங்கை மாவட்டம். ராயவரம், அரிமளம், கடியாபட்டி புதுக்கோட்டை மாவட்டம். 1948 வரை புதுக்கோட்டை தனி சமஸ்தானம், இந்தப் பக்கம் ஜமீன். அந்தப் பழைய கோடு இன்றும் நிற்கிறது. இரண்டு ஆட்சியர், இரண்டு மாவட்டத் தொழில் மையம், தொழில் அனுமதிகளை ஒரே இடத்தில் பார்க்கிற ஒற்றைச் சாளரக் குழுவும் இரண்டு.

விடுதித் தொழிலில் இது நேரடியாக இடிக்கிறது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளை இந்தியா 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தது. யுனெஸ்கோவுக்கு அது ஒரே பண்பாட்டு வட்டாரம். சுற்றுலா வருகிறவருக்கும் அப்படித்தான். வீட்டை விடுதியாக்க அனுமதி கேட்டுப் போனால் மட்டும் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது முக்கியம். இதோடு பங்காளிச் சிக்கல் வேறு. ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பேர் பங்குதாரர். பாதிப் பேர் வெளியூர், வெளிநாடு. எல்லார் கையெழுத்தும் சேருவதற்குள் கூரை இறங்கிவிடுகிறது. அப்புறம் அந்த வீட்டின் நிலைக்கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிற்கும்.

இரு மாவட்டத்துக்கும் பொதுவாக ஒரு செட்டிநாட்டுத் தொழில் மன்றம் என்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. இரண்டு ஆட்சியர்களும் மாறி மாறித் தலைமை தாங்கினால் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. அதிகபட்சம் ஐந்து பொருள். ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு பெயர், ஒரு தேதி. நடவடிக்கைக் குறிப்பு தமிழில், பத்து நாளுக்குள் பொதுவில்.

யாருக்கு நாற்காலி இல்லை?

இத்தகைய மன்றங்கள் சீரழியும் வழி எங்கும் ஒன்றுதான். பேசத் தெரிந்தவர், கார் வைத்திருப்பவர், ஏற்கெனவே அதிகாரியைத் தெரிந்தவர் ஆகியோர் வருவார்கள். தங்கள் சலுகையைத் தொழிலின் கோரிக்கை என்று சொல்வார்கள். விடுதி முதலாளியும் கல் ஏற்றுமதியாளரும் வந்துவிட்டால் ‘தனியார்துறை வந்துவிட்டது’ என்று பதிவேட்டில் எழுதிவிடலாம். கூலிக்குக் கல் ஊற்றுகிறவர், கொட்டான் பின்னும் பெண், தறியில் உட்கார்ந்திருப்பவர் ஆகியோருக்கு முதலாளி ஆசையோடு முன்வைக்கும் கோரிக்கைகள் சில நேரம் எதிராகவும் இருக்கும். முதலாளிக்கு விலைப் போட்டி கவலை. ஊற்றுகிறவருக்கு நாளெல்லாம் குந்தியிருந்து வரும் முழங்கால் வலியும், கையை அரிக்கும் சிமென்டும் கவலை. கலவை பற்றிய ஆய்வு வந்தால் இரண்டையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

வராததற்குக் காரணம் விருப்பமின்மை இல்லை, கணக்கு. கல் ஊற்றுகிறவருக்கு எண்ணிக்கைக் கூலி. போடாத கல்லுக்குக் காசு இல்லை. வேலை நாளில் காலை 11 மணிக்குச் சிவகங்கையில் கூட்டம் வைத்தால், ஆத்தங்குடியிலிருந்து பஸ் ஏறிப் போய்த் திரும்ப அவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். பந்தல், பொன்னாடை, பூங்கொத்துக்கு ஒதுக்குகிற தொகையில் நாலு பேரின் அன்றைய கூலியையும் பஸ் கட்டணத்தையும் எழுதிவைக்கலாம். அல்லது கூட்டத்தையே சாயங்காலம் ஆறு மணிக்கு, கல் காய்கிற கொட்டகையில் வைக்கலாம்.